பழைய அமெரிக்கக் காரின் அடியில் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக்? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

1969 ஷெவி (ஷெவ்ரலே) ஷெவல் என்று சொன்னாலே கியர்பாக்ஸ் எது என்று தெரிந்துவிடும் என நிறையப் பேர் நினைக்கிறார்கள். தெரியாது. அந்த ஒரே வருடத்தில், அந்த ஒரே மாடலில், எஞ்சினைப் பொறுத்து பவர்கிளைடும் வந்தது, டர்போ 350யும் வந்தது, டர்போ 400உம் வந்தது. அப்புறம் ஐம்பது வருடத்துக்கு மேல் கார் எத்தனை கை மாறியதோ, யார் எதைக் கழற்றி எதை மாட்டினார்களோ. விற்றவர் எல்லாம் ஒரிஜினல்தான் என்று சொல்லியிருப்பார், அதை நம்பி ஃபில்டர் கிட் ஆர்டர் பண்ணி, ஆயிலை வடித்து, பான் என்கிற அடித்தட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கேஸ்கெட் பொருந்தவில்லையே என்று படம் எடுத்து அனுப்புவார்கள். எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாதி இதுதான். அதனால் என்ன தொந்தரவு வருகிறது என்பதிலிருந்து தொடங்கி, பெட்டி, அதாவது கியர்பாக்ஸ், எது என்று கண்டுபிடிப்பது வரைக்கும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கீழே இடது என்று எழுதுவது எல்லாம் ஓட்டுநர் உட்காரும் பக்கம், வலது என்றால் பயணி பக்கம். காரின் கீழே போவதற்கு முன் சக்கரத்துக்குக் கட்டை, இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்ட்; வெறும் ஜாக்கை நம்பி ஒரு நிமிடம்கூட உள்ளே தலையை விடாதீர்கள். ஒரு டார்ச், ஒரு கம்பித் தூரிகை, ஒரு பழைய துணி இருந்தால் போதும்.

## வாங்கிய கேஸ்கெட் பானில் உட்காரவில்லை

செலவே இல்லாத சோதனை: பானின் உருவத்தைப் பாருங்கள், அப்புறம் போல்டை எண்ணுங்கள். இந்த வரிசை முக்கியம். போல்டை மட்டும் எண்ணினால் 13 வந்ததும் டர்போ 350 என்று முடிவுகட்டத் தோன்றும், டர்போ 400க்கும் அதே 13தான். 14 வந்தால் நான்கு பெட்டிகளில் எதுவாகவும் இருக்கலாம். எண்ணும்போது போல்ட் விழுந்துபோன காலி ஓட்டைகளையும் சேர்த்து எண்ணுங்கள், பழைய காரில் ஒன்றிரண்டு இல்லாமல் இருப்பது சகஜம்.

### ஜெனரல் மோட்டார்ஸ் (ஷெவி, பான்டியாக், ஓல்ட்ஸ்மொபில், ப்யூக், காடிலாக்) கார் என்றால்

பான் கிட்டத்தட்ட சதுரம், வலது பின்மூலை மட்டும் சாய்வாக வெட்டியது போல இருக்கிறது, போல்ட் 13. இது டர்போ 350. 1969 மாடலிலிருந்து வருவது. டர்போ 250க்கும் இதே பான்தான்.

போல்ட் 13தான், ஆனால் பான் ஒழுங்கில்லாமல் நெளிந்து, டெக்சாஸ் மாநில வரைபடம் போல இருக்கிறது என்றால் டர்போ 400. 1964இல் காடிலாக், ப்யூக் கார்களில் தொடங்கிய பெட்டி, பெரிய எஞ்சின்களுக்கும் கனமான டிரக்குகளுக்கும் போட்டார்கள். அதே பெட்டியை ரோல்ஸ் ராய்ஸும் ஜாகுவாரும்கூட வாங்கிப் போட்டார்கள், அந்த அளவுக்கு நம்பிக்கை.

போல்ட் 14, பான் மூலை வெட்டில்லாத எளிய செவ்வகம், கார் ஷெவி: பவர்கிளைடு. அலுமினியப் பெட்டியாக இருந்தால் வலது பக்கம் அழுக்கைச் சுரண்டிப் பாருங்கள், பெரும்பாலும் பவர்கிளைடு என்று வார்ப்பிலேயே எழுதியிருக்கும், ஊகமே வேண்டாம். 1950இல் வந்த முதல் பவர்கிளைடுகள் வார்ப்பிரும்பு. 1962 வாக்கில் அலுமினியம் வந்தது, 1973 வரை ஓடியது. காந்தத்தை வைத்துப் பார்த்தால் இரும்பா அலுமினியமா என்று உடனே தெரியும்.

போல்ட் 16, நேர் செவ்வகம்: 700ஆர்4. 1982இல் வந்த ஓவர்டிரைவ் (வேகச் சாலைக்கென்று கூடுதல் உயர் கியர் உள்ள) பெட்டி, அதாவது 1960களின் காரில் இதைப் பார்த்தால் யாரோ பின்னால் மாட்டியது, சந்தேகமே இல்லை. 16 போல்ட் ஆனால் பான் நேர் செவ்வகமாக இல்லை என்றால் 200-4ஆர், அது 1981.

போல்ட் 11 என்றால் டர்போ 200, 1976இலிருந்து. பானிலேயே மெட்ரிக் என்ற சொல் அழுத்தியிருப்பதும் உண்டு. மெல்லிய பெட்டி, நல்ல வி8 எஞ்சினுக்குப் பின்னால் இதைப் பார்த்தால் ரிப்பேருக்குப் பணம் போடுவதற்கு முன் 350 ஒன்றை மாற்றிப் போடலாமா என்று யோசியுங்கள்.

### ஃபோர்டு கார் என்றால்

ஃபோர்டில் எண்ணிக்கையே பெரும்பாலும் சொல்லிவிடும், அந்த மட்டும் நிம்மதி. 11 போல்ட் சி4, 17 போல்ட் சி6, 15 போல்ட் எஃப்எம்எக்ஸ், 14 போல்ட் ஏஓடி. ஏஓடி பானில் ஓவர்டிரைவ் என்றே அழுத்தியிருக்கும்.

எண்ண முடியாத அளவுக்கு எண்ணெய்ச் சேறு அப்பியிருந்தால் பெட்டியின் உடலைப் பாருங்கள். சி6இல் முன்னால் இருக்கும் மணி வடிவ ஹவுசிங்கும் பெட்டியும் ஒரே வார்ப்பு, நடுவில் இணைப்பே இருக்காது. சி4இல் அது தனித் துண்டு, போல்ட் போட்டு இணைத்திருக்கும். எஃப்எம்எக்ஸில் முன்னும் பின்னும் அலுமினியம், நடு உடல் மட்டும் வார்ப்பிரும்பு, ஆகவே துருப்பிடித்த வயிறும் வெள்ளைத் தலையுமாகத் தெரியும்.

சி4 என்று தெரிந்த பிறகும் ஒரு கிளை இருக்கிறது. டிப்ஸ்டிக் குழாய் பானுக்குள் போய்ச் செருகுகிறதா, பெட்டியின் உடலில் செருகுகிறதா? இரண்டு வகையும் உண்டு, பானும் ஃபில்டரும் வேறு வேறு. கடையில் இதைக் கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

### கிரைஸ்லர், பிளைமவுத், டாட்ஜ் என்றால்

1960களிலும் 70களிலும் வந்தது பெரும்பாலும் டார்க்ஃப்ளைட், அதில் இரண்டு: சிறியது ஏ-904, பெரியது ஏ-727. இரண்டுக்கும் 14 போல்ட். இங்கே எண்ணிக்கை உதவாது, எஞ்சின்தான் உதவும். 383, 440, 426 கன அங்குலம் போன்ற பெரிய பிளாக் எஞ்சின் என்றால் 727தான், 904 அதற்கு வந்ததே இல்லை. சாய்ந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் போட்ட சின்னக் கார் என்றால் பெரும்பாலும் 904. நடுவில் மாட்டிக்கொள்வது 318 வி8, அதற்கு இரண்டும் வந்தது. அப்போது இடது பக்கம், பானுக்கு மேலே பெட்டியின் விளிம்பில் தட்டையான இடத்தைத் தூரிகையால் தேயுங்கள், ஏழு இலக்கப் பாக எண் குத்தியிருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் பாகக் கடையில் வருடம், எஞ்சின் எல்லாம் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். அதுவும் தெரியவில்லையா, இரண்டு கேஸ்கெட்டையும் வாங்கிப் பானைக் கழற்றாமலே கீழிருந்து ஒட்டவைத்துப் பாருங்கள், சில டாலர்தான், திருப்பியும் கொடுக்கலாம்.

ஏஎம்சி (அமெரிக்கன் மோட்டார்ஸ்) கார்களுக்கு ஒரு வரி போதும்: 1971 வரை போர்க் வார்னர் பெட்டி, 1972இலிருந்து கிரைஸ்லரின் டார்க்ஃப்ளைட், பெயரை மட்டும் டார்க் கமாண்ட் என்று மாற்றிக்கொண்டார்கள்.

## லிவர் எழுத்தும் கியர் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை

காலியான சாலையில் மெதுவாக மிதித்துக் கிளம்புங்கள், எத்தனை முறை கியர் மாறுகிறது என்று கவனியுங்கள். ஒரே முறை மாறினால் இரண்டு கியர் பெட்டி, இரண்டு முறை என்றால் மூன்று கியர்.

லிவரில் பி-ஆர்-என்-டி-எல் (பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், லோ) என்று இருக்கிறது, மாறுவதும் ஒரே முறை: ஷெவி என்றால் பவர்கிளைடு; 1964 முதல் 1969 வரையிலான ப்யூக், ஓல்ட்ஸ்மொபில், பான்டியாக் என்றால் சூப்பர் டர்பைன் 300 என்ற வேறு பெட்டி. இரண்டுக்கும் இரண்டு கியர்தான் என்பதால் பவர்கிளைடு பாகம் வாங்கிவந்து திண்டாடியவர்கள் உண்டு. கியர் ஒன்று போய்விட்டது என்று இந்தக் கார்களைக் கடைக்குக் கொண்டுபோவதும் நடக்கிறது, இல்லாத கியர் எப்படிப் போகும்.

லிவரில் பி-ஆர்-என்-டி-எல், ஆனால் மாறுவது இரண்டு முறை: பெட்டியை மாற்றியிருக்கிறார்கள், ஸ்டியரிங் கம்பத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். பவர்கிளைடுக்குப் பதில் குட்டை வால் டர்போ 350 கிட்டத்தட்ட அதே நீளத்தில் அப்படியே உட்காரும், அதனால் இந்த மாற்றம் ரொம்பச் சாதாரணம். பானைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மாறுவது நான்கு முறை போலத் தெரிகிறது: 700ஆர்4 அல்லது 200-4ஆர் ஆக இருக்கலாம். கடைசியில் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கொடுப்பது) பூட்டிக்கொள்வது இன்னொரு கியர் மாறியது போலவே உணரும், அதைக் கியராக எண்ணிவிடாதீர்கள்.

மாறுவதே தெரியவில்லை, இழுவை மட்டும் வழவழவென்று ஏறுகிறது, கார் 1950களின் ப்யூக்: டைனஃப்ளோ. அது அப்படித்தான், பழுது இல்லை.

லிவரில் பி என்ற எழுத்தே இல்லை, என் டிஆர் எல்ஓ ஆர் என்று ஒரு வரிசை: பழைய ஹைட்ராமேட்டிக், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபிலில் தொடங்கியது, நான்கு கியர், எல்லாம் வார்ப்பிரும்பு. நிறுத்தும்போது எஞ்சினை அணைத்துவிட்டு ஆரில் போட்டால் பூட்டிக்கொள்ளும். லிங்கன், நாஷ், ஹட்சன் எல்லாம் இதை ஜெனரல் மோட்டார்ஸிடம் விலைக்கு வாங்கிப் போட்டவை, ஆகவே லிங்கனில் ஏன் எதிரி கம்பெனிப் பெட்டி என்று குழம்ப வேண்டாம். இன்னொரு வேடிக்கை: 1953 ஆகஸ்டில் மிச்சிகனின் லிவோனியாவில் இருந்த ஹைட்ராமேட்டிக் தொழிற்சாலை எரிந்துபோனது. அந்த வருடக் கடைசியில் வந்த காடிலாக்குகளிலும் ஓல்ட்ஸ்மொபில்களிலும் சிலவற்றில் ப்யூக்கின் டைனஃப்ளோ இருக்கும், சில பான்டியாக்குகளில் பவர்கிளைடு இருக்கும். அதைப் பார்த்து யாரோ மாற்றிவிட்டார்கள் என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள், அது தொழிற்சாலையிலேயே போட்டதாக இருக்கலாம்.

டாஷ்போர்டில் பொத்தான்கள்: பெரும்பாலும் கிரைஸ்லர், 1956 முதல் 1964 வரை.

## டிரைவில் போட்டால் மந்தமாகக் கிளம்புகிறது

1964 முதல் 1966 வரையிலான ஃபோர்டா? லிவரில் டி இல்லாமல் இரண்டு புள்ளிகள் இருக்கிறதா? அப்படியென்றால் அது பெரும்பாலும் முதல் தலைமுறை சி4. பெரிய பச்சைப் புள்ளிதான் வழக்கமான டிரைவ். சின்னப் புள்ளியில் போட்டால் இரண்டாம் கியரில்தான் கிளம்பும், பனியில் வழுக்காமல் இருக்க வைத்தது. புள்ளியை மாற்றிப் போட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு இத்தோடு பிரச்சினை தீர்ந்துவிடும். 1967இலிருந்து இது பி-ஆர்-என்-டி-2-1 ஆகிவிட்டது.

1950களின் ஆரம்ப ஃபோர்டோமேட்டிக்கும் டிரைவில் இரண்டாம் கியரில்தான் கிளம்பும்.

கார் பல நாள் நின்று, காலையில் மட்டும் சில நொடி நகராமல் நின்றால், பெட்டி டார்க்ஃப்ளைட் என்றால், கன்வெர்ட்டரில் இருந்த ஆயில் பானுக்கு இறங்கியிருக்கும். ஸ்டார்ட் பண்ணி நியூட்ரலில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு டிரைவ் போடுங்கள். பார்க்கில் வைத்தால் பலனில்லை, இந்தப் பெட்டி பார்க்கில் கன்வெர்ட்டருக்கு ஆயில் அனுப்பாது. நியூட்ரலில் வைத்தும் நகரவில்லை என்றால் ஆயில் அளவு, அதுவும் சரி என்றால் ஃபில்டர், அதற்கும் மேல் என்றால் கடை.

## கியர் தாமதமாக, இடித்துக்கொண்டு மாறுகிறது. அல்லது மிதித்தால் கீழ் கியருக்கு இறங்குவதில்லை

எந்தப் பெட்டி என்று தெரியாமல் கை வைக்கவே கூடாத இடம் இது. கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்கு ஏதோ ஒன்று போகும், அது வெற்றிடக் குழாயா, கேபிளா, கம்பியா, மின் வயரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கேபிள்களில் ஒன்று அறுந்தால் முந்திப்போக மட்டும் கொஞ்சம் சிரமம், இன்னொன்று அறுந்தால் பெட்டியே எரிந்துபோகும்.

முதலில் குழாயைப் பாருங்கள். பெட்டியில் சின்ன டப்பா போல ஒன்று செருகி, அதிலிருந்து ரப்பர் குழாய் எஞ்சினின் இன்டேக்குக்குப் போனால் அது மாடுலேட்டர், எஞ்சின் வெற்றிடத்தைப் பார்த்துக் கியர் மாறுவதைச் சரிசெய்வது. டர்போ 350இல் வலது பக்கம் பின்னால், டர்போ 400இல் வலது பக்கமே ஆனால் இன்னும் முன்னால். சி4, சி6, எஃப்எம்எக்ஸ், அலுமினியப் பவர்கிளைடு எல்லாவற்றிலும் மாடுலேட்டர் உண்டு. தாமதமாகவும் இடித்தும் மாறுவதற்கு மலிவான காரணம் அந்த ரப்பர் குழாய் வெடித்திருப்பது அல்லது கழன்றிருப்பது. புதுக் குழாய் போடுங்கள், அதன் பிறகும் மாறவில்லை என்றால் மாடுலேட்டர்.

மாடுலேட்டரும் இருக்கிறது, கார்புரேட்டரிலிருந்து கேபிளும் வலது பக்கம் வருகிறது: டர்போ 350. இந்தக் கேபிள் கிக்டவுனுக்கு மட்டும்தான். அறுந்தால் மிதிக்கும்போது கீழ் கியர் வராது, அவ்வளவுதான், நிதானமாக மாற்றலாம்.

மாடுலேட்டர் இருக்கிறது, கேபிள் இல்லை, இடது பக்கம் மின் பிளக் இருக்கிறது: டர்போ 400. எஞ்சினை அணைத்து சாவியை மட்டும் ஆனில் வைத்து, ஆக்சிலரேட்டரை அடிவரை மிதியுங்கள், பெட்டியிலிருந்து டிக் என்று சத்தம் வர வேண்டும். வரவில்லையா, ஃப்யூஸ், அப்புறம் கார்புரேட்டர் அல்லது பெடல் பக்கம் இருக்கும் சுவிட்ச், அப்புறம் வயர், கடைசியாகத்தான் பெட்டிக்குள் இருக்கும் சோலனாய்டு (மின்காந்த வால்வு). ஆனால் பிளக் இருக்கிறது என்பதாலேயே 400 என்று சொல்லிவிட முடியாது: 1980 வாக்கில் வந்த பூட்டும் கன்வெர்ட்டர் டர்போ 350க்கும் இடது பக்கம் பிளக் உண்டு. மறுபடியும் பான்தான் தீர்ப்பு.

மாடுலேட்டரே இல்லை, கேபிள் மட்டும் இருக்கிறது, பானில் 16 போல்ட்: 700ஆர்4 அல்லது 200-4ஆர். இதில் வருவது கிக்டவுன் கேபிள் இல்லை, டிவி (த்ராட்டில் வால்வு) கேபிள், பெட்டிக்குள் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது. இது கழன்றோ தளர்ந்தோ இருந்தால் அழுத்தம் குறைந்து, கிளட்ச் தகடுகள் வழுக்கி, கொஞ்ச தூரத்திலேயே கருகிவிடும். டர்போ 350 இருந்த காரில் 700ஆர்4 மாட்டிவிட்டு, பழைய கேபிளைப் போலத்தான் என்று குத்துமதிப்பாக இழுத்துக் கட்டியவர்களின் பெட்டிகள்தான் கடைகளில் திறந்து கிடக்கின்றன. கேபிள் சரியாக இல்லை என்று தெரிந்தால் காரை ஓட்டாதீர்கள், மெதுவாகக்கூட. கார்புரேட்டரில் அந்தக் கேபிள் மாட்டும் கை சரியான வடிவத்தில் இருக்கிறதா என்பதும் முக்கியம், கேபிளை எவ்வளவு சரிசெய்தாலும் கை தவறாக இருந்தால் அழுத்தம் தவறாகத்தான் ஏறும். பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கத் தெரியாவிட்டால் இந்த இடத்திலேயே தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

ஃபோர்டு ஏஓடிக்கும் இதே சட்டம், அங்கே கம்பியாக இருக்கும். டார்க்ஃப்ளைட்டுக்கும் மாடுலேட்டர் கிடையாது, கார்புரேட்டரிலிருந்து வரும் கம்பி அழுத்தத்தையும் ஆள்கிறது. புது கார்புரேட்டர் மாட்டும்போது அந்தக் கம்பி பொருந்தவில்லை என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள், சில மாதத்தில் பெட்டி போய்விடுகிறது, பழி பெட்டிமேல்.

## ஆயில் குறைந்துகொண்டே போகிறது, தரையில் சொட்டு இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை

மாடுலேட்டர் உள்ள பெட்டி என்றால் ரப்பர் குழாயை மாடுலேட்டரிலிருந்து கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் மாடுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ராம் (சவ்வு) கிழிந்து, எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது என்று அர்த்தம். மாடுலேட்டர் மாற்றினால் முடிந்தது, மலிவான பாகம். ஆனால் 350க்கும் 400க்கும் சி4க்கும் வேறு வேறு, அதனால்தான் முதலில் பெட்டியைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன்.

டார்க்ஃப்ளைட், 700ஆர்4, 200-4ஆர், ஏஓடி என்றால் இந்தக் காரணம் இருக்கவே முடியாது, மாடுலேட்டரே இல்லையே. ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ரோஜா நிறத்தில் குழம்பியிருக்கிறதா பாருங்கள், எஞ்சின் ஆறிய பிறகு. இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டை. பெட்டிக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும், கிளட்ச் தகட்டின் ஒட்டு தண்ணீரில் நிற்காது, இது நேராகக் கடைக்குப் போகும் விஷயம்.

## டிப்ஸ்டிக் ஒவ்வொரு முறையும் ஒரு அளவு காட்டுகிறது

சூடான பெட்டி, சமதரை, எஞ்சின் ஓடும் நிலை, இது எல்லாருக்கும் பொது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு பெட்டிகளைப் பார்க்கில் வைத்துப் பார்க்க வேண்டும். டார்க்ஃப்ளைட்டை நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு. பார்க்கில் பார்த்தால் அளவு தவறாக வரும்.

எந்த ஆயில் என்பதும் பெட்டியைப் பொறுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் பெட்டிகளுக்கு டெக்ஸ்ரான் வகை. 1970களின் நடுவரை ஃபோர்டுகளுக்கு டைப் எஃப், அதற்குப் பிறகு பெட்டிக்குப் பெட்டி மாறியது, பெரும்பாலும் டிப்ஸ்டிக்கிலேயே அச்சடித்திருக்கும். டிப்ஸ்டிக்கும் வேறு காரிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

## பேப்பரில் ஒன்று, அடியில் ஒன்று

அடியில் இருப்பதை நம்புங்கள். பேப்பர் சொல்வது, கார் எப்படிப் பிறந்தது என்பதை மட்டும்தான்.

ஃபோர்டில் ஓட்டுநர் கதவுத் தகட்டில் டிரான்ஸ் என்ற கட்டத்தில் ஒரு குறி இருக்கும். 1965, 66 மஸ்டாங்கில் 6 என்றால் சி4. அதற்குப் பிந்தைய சில வருடங்களில் டபிள்யூ என்றால் சி4, யூ என்றால் சி6, எக்ஸ் என்றால் எஃப்எம்எக்ஸ். கதவில் யூ இருந்து அடியில் 11 போல்ட் இருந்தால் பெட்டி மாறியிருக்கிறது, விலை பேசும்போது இது உதவும்.

ஜெனரல் மோட்டார்ஸில் 1968 மாடலிலிருந்து காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியைப் பெட்டியிலும் குத்தினார்கள். முதல் இலக்கம் பிரிவு: 1 ஷெவி, 2 பான்டியாக், 3 ஓல்ட்ஸ்மொபில், 4 ப்யூக், 6 காடிலாக். மற்ற இலக்கங்கள் டாஷ்போர்டு எண்ணோடு பொருந்தினால் அது காரோடு பிறந்த பெட்டி. டர்போ 400இன் வலது பக்கம் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும், அதில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கமும் எழுத்துக் குறியும் இருக்கும். தகட்டைக் கழற்றி வேறொன்றில் ஒட்டுவது கஷ்டமான வேலை இல்லை, ஆகவே குத்திய எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம்.

பெரிதாகப் புடைத்துத் தெரியும் வார்ப்பு எண்ணை வைத்துப் பாகம் வாங்காதீர்கள். ஒரே வார்ப்பில் பல விதமான பெட்டிகள் செய்தார்கள்.

## மாற்றுப் பெட்டி எஞ்சினில் மாட்டவில்லை

டர்போ 350 என்று கேட்டு டர்போ 350தான் வாங்கினீர்கள், போல்ட் ஓட்டை ஒத்துவரவில்லை. காரணம் மணி ஹவுசிங். ஷெவிக்கு ஒரு அமைப்பு. ப்யூக், ஓல்ட்ஸ்மொபில், பான்டியாக்குக்கு வேறு. மேல் விளிம்பின் நடுவில் வி போலப் பள்ளம் இருந்தால் அது இந்த மூன்றுக்கானது. காடிலாக்கின் பெரிய வி8களும் பெரும்பாலும் இதில்தான். இதிலும் ஒரு கண்ணி: 1977இல் ஓல்ட்ஸ்மொபில்களில் ஷெவி 350 எஞ்சினை வைத்து விற்று, வழக்கு வரை போனது. அந்தக் காரின் மூக்கில் ஓல்ட்ஸ்மொபில் என்று எழுதியிருந்தாலும் ஹவுசிங் ஷெவிதான். 200-4ஆர் பலவற்றில் இரண்டு அமைப்புக்கும் ஓட்டை இருக்கும்.

டார்க்ஃப்ளைட்டில் ஹவுசிங் பெட்டியோடு ஒரே வார்ப்பு, ஆகவே ஆறு சிலிண்டருக்கும் சின்ன வி8க்கும் பெரிய வி8க்கும் தனித்தனிப் பெட்டி, வேறு வழி இல்லை.

முன்னால் பொருந்தினாலும் பின்னால் பாருங்கள். டர்போ 350க்குப் பதில் 400 என்றால் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரைப் பின்னால் தள்ள வேண்டும், டிரைவ் ஷாஃப்டின் முன் யோக்கும் (பெட்டிக்குள் செருகும் முனை) வேறு: 350க்கு 27 பல், 400க்கு 32 பல். 200-4ஆருக்கு 350இன் யோக் அப்படியே போகும், ஆனால் மவுண்ட் இடம் 400ஐப் போலப் பின்னால். 700ஆர்4 நீளம் அதிகம், டிரைவ் ஷாஃப்டை வெட்டிச் சுருக்க வேண்டியிருக்கும், அதைத் தராசு பிடித்துச் சமன்செய்யும் கடையில்தான் கொடுக்க வேண்டும்.

## நிறுத்தும்போது எஞ்சின் அணைந்துபோகிறது

700ஆர்4, 200-4ஆர் போன்ற பூட்டும் கன்வெர்ட்டர் பெட்டிகளில் மட்டும் பார்க்க வேண்டியது. இடது பக்கப் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அணைவது நின்றால் பூட்டு விடுபடவில்லை, சுவிட்ச், வயர், அப்புறம் சோலனாய்டு என்ற வரிசையில் போங்கள். சாதாரண டர்போ 350, பவர்கிளைடு, சி4 என்றால் கார்புரேட்டரையும் ஐட்லையும் பாருங்கள், பெட்டியை விட்டுவிடுங்கள்.

## எந்த இடத்தில் கடைக்குப் போவது

பானைக் கழற்றியபோது அடியில் மெல்லிய சாம்பல் படிவு இருந்தால் வயதுக்கு அது சாதாரணம். மினுங்கும் உலோகச் சீவல், பித்தளைத் துகள், கறுப்புத் தகட்டுத் துண்டு இருந்தால் மூடி வைத்துவிடுங்கள், புது ஃபில்டரும் ஆயிலும் வீண்செலவு. ஆயில் கருகல் வாடை அடித்தாலும், ரிவர்ஸ் கியர் வேலைசெய்யாமல் போனாலும், பம்ப் பக்கம் ஊளைச் சத்தம் கேட்டாலும் அப்படித்தான். பெட்டியை இறக்க வேண்டிய எந்த வேலைக்கும், டிரான்ஸ்மிஷன் ஜாக் இல்லாமல் இறங்காதீர்கள். டர்போ 400 கன்வெர்ட்டர் இல்லாமலே 60 கிலோ, வார்ப்பிரும்புக் காலத்துப் பெட்டிகள் அதைவிட ரொம்பக் கனம்.

ஹைட்ராமேட்டிக், டைனஃப்ளோ, பேக்கார்டின் அல்ட்ராமேட்டிக் போன்றவற்றை எல்லாக் கடையிலும் தொட மாட்டார்கள், தொடுகிறேன் என்று உடனே சொல்பவரிடம் இதற்கு முன் எதைச் செய்தீர்கள் என்று கேளுங்கள். கடைக்கு போன் பண்ணும்போது காரின் பெயரை மட்டும் சொல்லாமல், பானின் உருவம், போல்ட் எண்ணிக்கை, மாடுலேட்டர் இருக்கிறதா, கேபிளா வயரா, குத்திய எண் என்ன என்று ஐந்தையும் சொல்லுங்கள், கூடவே பானை நேர் கீழிருந்து எடுத்த ஒரு படம் அனுப்பிவிட்டால் கார் போய்ச் சேர்வதற்குள் சரியான பாகம் அங்கே வந்திருக்கும்.